கழுதைக்கு ஒரு கோப்பை

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் என் பெரியப்பா மகள் யெஷிமேபெத்தைப் பற்றி இதுவரை மூன்று வரிகளே இருந்தன. வார்க்கா சந்தையூரில் பிறந்தாள்; செங்கல் சூளையில் வேலை பார்த்த தெஸ்ஸெமாவை மணந்தாள்; இரண்டு பெண்களைப் பெற்றாள். இப்போது ஊரில் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கழுதைகளைக் கெடுத்தவள் என்கிறார்கள் சிலர். படித்தவன் பேச்சைக் கேட்டுப் பைத்தியமானவள் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டும் சரியில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். நான் நேரில் பார்க்காத இடங்களில் யார் சொல்லக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெஸ்ஸெமாவுக்கு முப்பத்தெட்டு வயதில் சூளைப் புகையால் நுரையீரல் கெட்டுப்போயிற்று. கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அதன் பிறகு அந்த வீட்டைச் சுமந்தவை இரண்டு கழுதைகள்தாம்: சாம்பல் நிறத்தில் ஓர் ஆண், பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை. சந்தையில் தெஃப் தானிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாவு மில்லுக்கும், மில்லிலிருந்து வீடுகளுக்கும் அவை போகும்; யெஷி பின்னால் நடப்பாள். ஊரில் இப்படிக் கழுதை வைத்துப் பிழைத்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். கழுதைகள் எழுபத்தொன்று.

இந்த நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் சாவுச் சங்கம் எப்படி நடக்குமோ அதே ஒழுங்கில்தான் அதுவும் நடந்தது. சாவுச் சங்கத்தில் எல்லாரும் ஒரே அளவு போடுவார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அதே கூடாரம், அதே பெஞ்சுகள், அதே எண்ணிக்கை இஞ்ஜெரா அப்பம். பணக்காரன் பிணத்துக்கு ஒரு பெஞ்சு கூடப் போட்டால் மறுநாள் சங்கம் உடைந்துவிடும். கழுதைச் சங்கத்தில் இந்தச் சமத்துவத்தைக் காக்கும் பொறுப்பை யெஷியிடம் கொடுத்திருந்தார்கள். அவள் கை அளந்ததை யாரும் திரும்ப அளந்து பார்த்ததில்லை.

அளந்தது பூச்சி மருந்தை.

நாங்கள் பச்சை இறைச்சி தின்கிறவர்கள். வயிற்றில் நாடாப்புழு இருப்பதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோஸோ மரத்தின் பூவை அரைத்துக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும் எங்களுக்குப் பழக்கம். "அவர் இன்னைக்குக் கோஸோ குடிச்சிருக்காரு" என்றால் கடன் கேட்க வந்தவனும் திரும்பிப் போய்விடுவான். மனிதனுக்கு அப்படியென்றால் கழுதைக்கும் ஒரு நாள் வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள், சிலுவைத் திருநாளுக்கு மறுநாள்.

அந்த நாளுக்கு ஒரு காரணம் உண்டு. மிக்கேல் கோயிலைச் சேர்ந்த மேய்ச்சல் நிலம் பெருமழை தொடங்கும்போது மூடப்படும். மழைக்காலம் முழுவதும் ஒரு குளம்பும் அதில் படாது. திருநாள் முடிந்து இரண்டாம் நாள் காலையில்தான் குரு வந்து முள்வேலியை விலக்குவார். இடுப்பளவு புல் நிற்கும். அந்தச் சுத்தமான புல்லுக்குள் அழுக்கு வயிற்றோடு கழுதையை விடலாமா? முதல் நாளே எல்லாக் கழுதைக்கும் மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவி, மறுநாள் உள்ளே விடுவது என்று வைத்துக்கொண்டார்கள். கேட்கிற யாருக்கும் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

நான் அந்த நாளைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையிலிருந்து விரல் நீள மாத்திரைகள் ஐம்பது வரும். சங்கம் தொடங்கியபோது ஐம்பது கழுதைகள். எழுபத்தொன்றான பிறகும் மாத்திரை ஐம்பதாகவே இருந்தது. யெஷி அவற்றை உரலில் இடித்து, மஞ்சள் நிற நீர்க் கேனில் கரைத்து, ஒரு தகரக் கோப்பையால் முகந்து ஊற்றுவாள். மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் கேனைக் குலுக்குவாள். எழுபத்தொரு முறை.

"ஏன்டி யெஷி, இவ்வளவு கணக்கா என் புருஷனுக்குக்கூட நான் பீர் ஊத்துனதில்ல" என்பாள் அலெமிட்டு. நான்கு கழுதைக்காரி, வாயாடி.

"அதனாலதான் அவரு பக்கத்து வீட்டுல போய்க் குடிக்கிறாரு அக்கா. தலையைத் தூக்கிப் பிடி. சிந்துனா மறு கோப்பை கிடையாது."

"என்னோட பெரிய கழுதைக்குக் கொஞ்சம் தாராளமா ஊத்தேன். அது தெஸ்ஸெமா வீட்டுக் கதவு அளவு இருக்கு."

"கதவோ ஜன்னலோ, கழுதைக்கு ஒரு கோப்பை."

கூட்டம் சிரிக்கும். பெரிய கழுதையும் ஒரு கோப்பை குடிக்கும். பால் மறந்த குட்டியும் ஒரு கோப்பை குடிக்கும். பதினோரு ஆண்டு இப்படி நடந்தது. இடையில் கழுதைகள் இளைக்கத் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஒன்றாக இருந்த மருந்து நாளை, மனிதரின் கோஸோக் கணக்கிலேயே இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மாற்றினார்கள். கழுதைகள் மேலும் இளைத்தன. வயிறு பானைபோல் தொங்கியது, முதுகெலும்பு துருத்தியது, மூட்டை ஏற்றிய கழுதை மில் மேட்டில் பாதியில் நின்றது.

பன்னிரண்டாம் ஆண்டு, தலைநகரிலிருந்து கால்நடை மருத்துவ வண்டி ஒன்று மாதம் ஒருமுறை சந்தைக்கு வரத் தொடங்கியது. அதில் வந்தவர் ஹிர்பா என்கிற மருத்துவர். முப்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார். அவர் இருபது கழுதைகளின் சாணத்தைக் கையுறையில் எடுத்து, உருப்பெருக்கியில் புழு முட்டைகளை எண்ணினார். தம் முன்னாலேயே வழக்கமான மருந்தைக் கொடுக்கச் சொன்னார். பதினான்கு நாள் கழித்து அதே கழுதைகளின் சாணத்தை மறுபடி எண்ணினார். நூறு முட்டை இருந்த இடத்தில் ஐந்துகூட மிஞ்சியிருக்கக் கூடாது. அறுபதுக்குமேல் இருந்தது.

சங்கத் தலைவர் வொண்டிராட் வீட்டு முற்றத்தில், காப்பிக் கொட்டை வறுபடும் புகைக்கு நடுவே அவர் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன்.

"கடைக்காரன் போலி மாத்திரை குடுத்துட்டானா?" என்று வொண்டிராட் கேட்டார்.

"இல்லண்ணே. மாத்திரை நல்ல மாத்திரை. நான் சோதிச்சேன். புழுதான் மாறிருச்சு."

"புழு எப்படி மாறும்?"

ஹிர்பா யெஷியின் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒரு கழுதைக்கு எவ்வளவு மருந்து போச்சுன்னு நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஐம்பது மாத்திரை, எழுபத்தொரு கோப்பை. அவர் ஒரு நாடாவை எடுத்து, வாசலில் நின்ற அவளுடைய சாம்பல் கழுதையின் மார்பைச் சுற்றி அளந்து, எடையைக் கணக்கிட்டார். அதற்குத் தேவைப்பட்டது ஒன்றரை மாத்திரை. போனது முக்கால் மாத்திரைக்கும் குறைவு.

"பாதி மருந்து போனா, பலவீனமான புழு சாகும். தாங்குற புழு பொழச்சுக்கும். அது போடுற முட்டையிலயும் தாங்குற புழுதான் வரும்" என்றார் ஹிர்பா. "அதுக்கு மறுநாளே சுத்தமான புல்வெளியில விடுறீங்க. அங்க வேற புழுவே கிடையாது. மருந்தைத் தாங்குனதோட முட்டை மட்டும்தான் விழுது."

யெஷிதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"நாங்க தெஃப் விதை எடுக்குற மாதிரி. சொத்தையெல்லாம் தள்ளிட்டு, நல்ல மணியாப் பொறுக்கி, உழுத நிலத்துல போட்டிருக்கோம். பதினோரு வருஷமா. என் கையால."

"உங்களுக்கு யாரும் சொல்லல அக்கா."

"சொல்லாட்டி மட்டும் புழுவுக்குத் தெரியாமப் போயிருமா?"

வேறொரு மருந்து இருந்தது. கழுதைக்கு ஏறத்தாழ ஒன்று என்கிற கணக்கில் சிறு குழாயில் வரும் பசை. நாக்கின்மேல் பிதுக்கிவிட வேண்டும். அதை இந்தப் புழு இன்னும் கண்டதில்லை. ஹிர்பா அதைத் தரத் தயாராக இருந்தார். ஆனால் நிபந்தனைகள் வைத்தார். எடையை நாடாவால் அளந்து முழு அளவும் கொடுக்க வேண்டும். முட்டை அதிகமுள்ள கழுதைகளுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். மற்றவற்றைத் தொடக் கூடாது. மேய்ச்சல் திறப்பதற்கு முன்னால் கொடுக்கவே கூடாது. மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணத்தை வாரிவிட வேண்டும்.

"அப்ப சில கழுதைக்கு வேணும்னே புழுவை விட்டு வைக்கணும்ங்கிற" என்றார் வொண்டிராட்.

"ஆமாண்ணே. மருந்தே படாத புழு நிறைய இருந்தாத்தான், தாங்குற புழு அதுங்களோட கலந்து அமுங்கிப் போகும்."

"புழு வளக்குறதுக்கு ஒரு டாக்டரு!" என்று அலெமிட்டு கைகொட்டினாள். "நாளைக்குக் கழுதைப்புலிக்கு ஆட்டுக்குட்டி குடுக்கச் சொல்லுவாரு."

இதற்கும் மேலாக அவர்களைக் குத்தியது வேறு. ஒருவன் கழுதைக்கு மருந்து, மற்றவன் கழுதைக்கு இல்லை. சாவுச் சங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது காதில் ஏறவில்லை. யெஷி மூன்று வாரம் வீடு வீடாகப் போனாள். அவள் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. அவளுடைய மூத்த மகள் ஹிவோட் சொன்னது இது: ஒவ்வொரு வீட்டிலும் அம்மா முதலில் தன் தவற்றைச் சொன்னாள், பிறகு காப்பியை மறுத்தாள், பிறகு வாக்குக் கேட்டாள். "இந்தப் பசையும் போச்சுன்னா மூணாவது ஒண்ணு கிடையாது. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்." நாற்பத்து மூன்றில் நாற்பது பேர் கை உயர்த்தினார்கள். மருந்துக்காக அல்ல, யெஷிக்காக.

அந்த ஆண்டு இருபத்தாறு கழுதைகளுக்குப் பசை கொடுக்கப்பட்டது. நாற்பத்தைந்து விடப்பட்டன. யெஷியின் பழுப்புப் பெட்டைக்கு முட்டை அதிகம், அதற்குக் கிடைத்தது. சாம்பல் ஆணுக்குக் குறைவு, அதற்கு இல்லை. பதினான்கு நாள் கழித்து எண்ணியபோது பசை கொடுத்த ஒரு கழுதையின் சாணத்திலும் முட்டை இல்லை. தையல் வேலைக்காரி தைத்த துணியைப் பார்ப்பதுபோல் யெஷி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் என்று ஹிர்பா பிற்பாடு என்னிடம் சொன்னார். அவளுக்கு எண்கள் படிக்கத் தெரியும். பூஜ்யம் நன்றாகவே தெரியும்.

அடுத்த பெருமழையில் அலெமிட்டுவின் பெரிய கழுதை செத்தது. மருந்து விடுபட்ட நாற்பத்தைந்தில் அது ஒன்று. ஹிர்பா அதன் வயிற்றைத் திறந்து, முறுக்கிக் கிடந்த பிளாஸ்டிக் பைகளைக் கைநிறைய எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"பிளாஸ்டிக்கா?" என்றாள் அலெமிட்டு. அவள் அழுதுகொண்டிருந்தாள், அன்று அவள் வாயில் வேடிக்கை இல்லை. "இந்தச் சந்தையில என் கழுதை ஒண்ணுதான் பை தின்னுச்சா? யெஷி பெட்டைக்கு மருந்து போச்சு, நிக்குது. என்னோடதுக்குப் போகல, கிடக்குது. நான் படிக்காதவ. கண்ணு இருக்கு."

"அக்கா, என் சாம்பலுக்கும் குடுக்கல."

"உன் சாம்பல் சாகட்டும், அப்புறம் பேசு."

யெஷி வேறு எது சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தச் சிலுவைத் திருநாளுக்கு முன்பே சந்தையில் அதே பசைக் குழாய்கள் எங்கிருந்தோ வந்துவிட்டன. எல்லை தாண்டி வந்தவை என்றார்கள். விலை அதிகம். ஆகவே நான்கு பேர் சேர்ந்து ஒரு குழாய் வாங்கினார்கள். எங்களுக்குப் பழக்கப்பட்ட நியாயத்தோடு அதை நான்கு சம பங்காகப் பிதுக்கினார்கள். எல்லாம் மேய்ச்சல் திறப்பதற்கு முதல் நாள். யெஷி அன்று, மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்த இளைய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தன் பெட்டையின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அடுத்து நடந்த பேச்சை எனக்குச் சொன்னவர் தெஸ்ஸெமாவேதான்.

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

"எவ்வளவு?"

"வொண்டிராட் அண்ணன் ஒரு குழாய் வாங்குனாரு. நம்ம பங்கு கால். ரெண்டுத்துக்கும் பாதிப் பாதியா..."

"அரைக்கால் அரைக்காலா?"

"நீ ஊர்ல இல்ல. எல்லாரும் குடுக்குறாங்க யெஷி. நம்மளது மட்டும் செத்துப்போச்சுன்னா, நான் எந்திரிச்சு மூட்டை தூக்கவா? இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு? கப்ரியேல் மேல ஆணை, பயந்துட்டேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் சொன்னார். வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "பேத்தி பொறந்திருக்கா" என்றாள். பிறகு உள்ளே போய் ஷிரோக் குழம்பைச் சூடாக்கினாள்.

மறுநாள் காலை கோயில் நிலத்து வேலியருகே நின்று, ஓராண்டாவது கழுதைகளை உள்ளே விட வேண்டாம் என்று அவள் கேட்டதை நான் பார்த்தேன். மழைக்காலம் முழுவதும் தெருவோரப் புல்லைத் தின்ற எழுபது கழுதைகளும், மறுபுறம் நின்ற இடுப்பளவு பச்சையை நோக்கிக் காதுகளை நீட்டிக்கொண்டிருந்தன. குரு வேலியை விலக்கினார். யெஷி ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள். வேறு என்ன செய்ய முடியும்? அவள் தன்னுடைய இரண்டையும் மட்டும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதன் பிறகு ஆற்றின் எதிர்க்கரையில், கழுதை இறங்காத செங்குத்துச் சரிவில், அரிவாளால் புல் அறுத்து வந்து போட்டாள். காலையில் இரண்டு சுமை, மாலையில் இரண்டு சுமை. நடுவே மில் வேலை. அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

இரண்டு ஆண்டு கழித்து ஹிர்பா மறுபடி எண்ணினார். பசை கொடுத்த பிறகும் நூற்றுக்கு நாற்பது முட்டை மிஞ்சியது. அதற்கடுத்த முறை ஐம்பத்தைந்து. அந்தத் தாளை அவர் யெஷியிடம்தான் கொடுத்தார். தலைவர் வாங்க மறுத்துவிட்டார்.

"மூணாவது?" என்று கேட்டாளாம்.

"இல்லக்கா. இருக்குற ஒண்ணும் பசையோட சொந்தக்கார மருந்துதான். கொஞ்ச நாள் வரும். இங்க கிடைக்கிறதும் இல்ல."

"என்னோடது ரெண்டும் ரெண்டு வருஷமா அந்தப் புல்லைத் தின்னல."

முன்பே வயிற்றுக்குள் போன புழுக்குஞ்சுகள் குடல் சுவருக்குள் கூடு கட்டி வருடக்கணக்கில் உறங்கும் என்பதும், பழைய மருந்து அவற்றை எட்டாது என்பதும், ஒருநாள் எல்லாம் ஒன்றாக விழித்து வெளியேறும் என்பதும் ஹிர்பாவுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சாம்பல் கழுதை மழைக்கு முன்பே செத்துப்போயிற்று. பழுப்புப் பெட்டைக்கு மழை முடியும் வாரத்தில் வயிற்றுப்போக்குத் தொடங்கியது. ஒன்பது நாள் நீடித்தது. கடைசி மூன்று நாள் நான் அங்கே இருந்தேன். யெஷி உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பாட்டிலில் ஊட்டினாள். சாணத்தில் சிவப்பு நூல் துணுக்குகள்போல் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்தன. ஹிவோட் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டாள். தெஸ்ஸெமா கழுதையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் நண்பகலில் அது செத்தது. ஹிர்பா குடலைத் திறந்து காட்ட வேண்டுமா என்று கேட்டார்.

"யாருக்குக் காட்ட?" என்றாள் யெஷி.

அந்த ஆண்டும் மருந்து நாள் நடந்தது. தலைவர் ஆள் அனுப்பினார்; அலெமிட்டுவே வந்தாள்.

"யெஷி, பழசைப் பேசாத. நீ வந்து அளந்து குடு. வேற யாரு அளந்தாலும் சண்டை வருது."

"எந்த மருந்து அக்கா?"

"ரெண்டையும் கலக்கலாம்னு இருக்கோம்."

"அது வேலை செய்யாது."

"தெரியும்டி" என்றாள் அலெமிட்டு. அவளிடம் நான்கில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? சும்மா இருக்க முடியல. அதான்."

யெஷி போகவில்லை. வேறொருவர் அளந்தார், சண்டை வந்தது, மறுநாள் வேலியைத் திறந்தார்கள்.

இதை எழுதும்போது சங்கத்தில் இருபத்தெட்டுக் கழுதைகள் இருக்கின்றன. புதிதாக வாங்கி வருகிறவையும் ஒரு மேய்ச்சல் பருவத்துக்குள் இளைத்துவிடுகின்றன. ஹிர்பாவின் வண்டி இன்னும் வருகிறது. காயத்துக்குக் கட்டுப் போடுகிறார், குளம்பு சீவுகிறார். யெஷியும் ஹிவோட்டும் சந்தையில் மூட்டை சுமக்கிறார்கள். கழுதை இரண்டு மூட்டை சுமந்த இடத்தில் யெஷி ஒன்றில் பாதி சுமக்கிறாள். முதுகில் வைத்து, கயிற்றை மார்பின் குறுக்கே கட்டி, குனிந்து நடக்கிறாள். சென்ற சனிக்கிழமை மில் மேட்டில் அவளைப் பார்த்தேன். ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தாங்கப் போனேன்.

"தொடாத தம்பி. சாஞ்சா மறுபடி ஏத்த முடியாது. நீ முன்னால போ."

நான் முன்னால் போனேன். மேட்டின்மேல் நெடுநேரம் காத்திருந்தேன்.